பிரதியில் இல்லாத சொல்



2023ஆம் ஆண்டு மே மாதத்தில் பெய்ஜிங் நகரின் மேடையொன்றில் நகைச்சுவையாளர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று தம் வாழ்க்கைச் செய்திகளைச் சொல்லி அவையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். தாம் எடுத்து வளர்க்கும் இரண்டு தெருநாய்கள் ஓர் அணிலைத் துரத்திப் பாய்ந்ததைக் கண்டபோது ஒரு சொற்றொடர் நினைவுக்கு வந்தது என்றார். நல்லொழுக்கத்தையும் போரில் வெல்லும் ஆற்றலையும் புகழும் அச்சொற்றொடர் சீனப் படைக்குரிய முழக்கம். அவையினர் சிரித்தனர். அரங்கினுள் ஒலித்தது சில நாட்களில் அரங்குக்கு வெளியே பரவி நாடெங்கும் பேச்சாயிற்று. அவரை மேடையேற்றிய ஷாங்காய் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1 கோடியே 33 லட்சம் யுவான் தண்டம் விதிக்கப்பட்டது. ஈட்டிய பணத்தில் 13 லட்சம் யுவான் பறிமுதலாயிற்று. பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் அந்நிறுவனத்தின் நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன.

தண்டனைக்கு அதிகாரிகள் காட்டிய காரணங்களுள் ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. சீனத்தில் கட்டணம் பெற்று நடத்தும் எந்த மேடை நிகழ்ச்சிக்கும் அதன் உள்ளடக்கத்தை முன்கூட்டியே பண்பாட்டுத் துறையிடம் அளித்து இசைவு பெற வேண்டும். அவ்வாறு அளித்த உள்ளடக்கத்தை நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றிவிட்டது என்பதே அக்காரணம். படையை இழித்தது ஒரு குற்றம். பிரதியில் இல்லாததைப் பேசியது மற்றொரு குற்றம். முன்னதை விவாதிக்கலாம், நகைச்சுவையின் எல்லை எது என்று இரு தரப்பும் வழக்காடலாம். பின்னதில் விவாதத்துக்கே இடமில்லை. பிரதியில் இருந்ததா, இல்லையா என்ற ஒரே வினாதான்.

எங்கோ நடந்த இந்நிகழ்ச்சியை நாகர்கோவிலில் கூடிய ஓர் அவையில் எடுத்துரைக்கக் காரணம் உண்டு. பிரதியில் இல்லாத சொல்லிலேயே உயிர் வைத்திருக்கும் கலைகள் நாஞ்சில் நாட்டின் கலைகள்.

அம்மன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கதைக்கு ஏடு உண்டு. ஓலையிலும் பின்னர் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்துக் குருவிடமிருந்து சீடனுக்கு வந்த பாடல்கள் உண்டு. தலைமைப் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாட, குடமும் உடுக்கையும் ஜாலராவும் உடன் ஒலிக்க, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமாம்’ போட, பாட்டு ஓடும். ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் புலவர் உரைநடையில் பேசுகிறாரே, அது எந்த ஏட்டிலும் இல்லை. சுடலைமாடன் கதையின் நடுவே அவ்வூர்க் குளத்தின் மடை உடைந்து கிடப்பது வரும். அம்மன் வரலாற்றின் நடுவே வரி கொடுக்காத வீட்டுக்காரர், பெயர் சொல்லப்படாமல், ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி வந்து போவார். மாவட்டத்தின் தோல்பாவைக் கூத்திலும் இதே நிலைதான். இராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் தோன்றி விலைவாசியைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் பேசுவார்கள். இராமனுக்கு மூலநூல் உண்டு. உச்சிக்குடும்பனுக்கு அன்றைய நாள்தான் மூலநூல்.

இத்தகைய சொல்லைச் சட்டம் எவ்வாறு பிடிப்பது? இந்திய மண்ணில் அரசு இவ்வினாவை எதிர்கொண்ட வரலாறு 1876இல் தொடங்குகிறது. வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது அவரைத் தம் இல்லத்துப் பெண்களைக் கொண்டு வரவேற்ற ஒரு வழக்கறிஞரைக் கேலி செய்து அங்கே நாடகம் ஒன்று நடந்தது. ஆங்கில ஆட்சி முதலில் அவசரச் சட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் நாடக நிகழ்த்துச் சட்டமும் கொண்டுவந்தது. அவதூறு, அரச நிந்தனை, ஒழுக்கக்கேடு என்று கருதப்படும் நாடகத்தைத் தடுக்கவும், நாடகத்தைப் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெறவும் அது வழி செய்தது. விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் ஏட்டில் இருந்த அச்சட்டம் 2018இல்தான் நீக்கப்பட்டது.

1876 என்னும் ஆண்டு நாஞ்சில் நாட்டாருக்கு வேறொரு வகையில் நினைவில் நிற்கும். தேரூரில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஆண்டு அது. அவர் மறைந்தது 1954 செப்டம்பரில். அவ்வாண்டின் இறுதியில் சென்னை மாகாணம் தனக்கென ஒரு நாடகச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. இரண்டு நாடகச் சட்டங்களுக்கு நடுவே அடங்கிய வாழ்வு என்று விளையாட்டாகச் சொல்லலாம். இதில் தற்செயலைத் தவிர வேறொன்றும் இல்லை. எனினும் கவிமணியை இங்கே நினைக்க வேறு காரணமும் இருக்கிறது. மருமக்கள் வழி மான்மியம் சொத்துரிமை முறை ஒன்றைச் சிரித்துச் சிரித்தே சிதைத்த நூல். கொல்லம் 1101ஆம் ஆண்டில், அதாவது 1926இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள் வழிமுறை மாறியபோது, சட்டத்துக்கு முன்பே கவிதை வந்து அமர்ந்திருந்தது. அதே 1101இல் திருவிதாங்கூர் அரசு இன்னொரு சட்டத்தையும் இயற்றியது. அது செய்தித்தாள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம். சிரிப்புக்குப் பின்னே ஒரு சட்டம், சிரிப்பை முந்திக்கொள்ள ஒரு சட்டம். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே அரசிடமிருந்து.

செய்தித்தாளுக்கு அச்சம் ஏற்பட்டது அதற்கும் முன்னரே. திவான் பி. இராஜகோபாலாச்சாரியைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய ‘சுதேசாபிமானி’ இதழின் அச்சகம் 1910 செப்டம்பர் 26ஆம் நாள் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலியில் கொண்டுபோய் விடப்பட்டார். அச்சகத்தின் உரிமையாளர் வக்கம் அப்துல் காதர் மௌலவிக்கு அச்சகம் திரும்பக் கிடைக்கவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நெல்லைக்குச் செல்லும் பெருவழி நாஞ்சில் நாட்டின் வழியாகவே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கிறது. தென்றல் நுழையும் அந்த வாயிலுக்கு அப்பால் ஆங்கில ஆட்சிப் பகுதி. ஒரு சொல்லுக்காகத் தன் ஊரை இழந்தவர் பின்னர் ஊர் திரும்பவே இல்லை. 1916இல் கண்ணூரில் மறைந்தார். எனினும் அவர் எழுதியது தாளில் இருந்தது. குற்றம் சாட்டவும் தாளே சான்று. பிற்காலத்தார் அவரைப் போற்றவும் தாளே சான்று. மேடைக் கலைஞனுக்கு அவ்விரண்டும் இல்லை.

இங்கே ஒழுகினசேரியைச் சேர்ந்த கலைவாணரைப் பற்றிப் பேசாமல் மேலே செல்ல இயலாது. 1908இல் பிறந்த என். எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டு ஒலிக்கும் சூழலில் வளர்ந்து டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தவர். வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ நாடகத்தை அக்குழுவினர் ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி நடத்தினர். அதனுள் கலைவாணர் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். ஏன் வில்லுப்பாட்டு என்று எண்ணிப் பார்ப்பது நன்று. அந்நிய அரசின் காவலர் கண் வைத்திருந்த காலம் அது. பாத்திரம் பேசும் வசனம் நாடகப் பிரதியில் இருந்தாக வேண்டும். வில்லுப்பாட்டுக்காரனோ கதையும் சொல்வான், கதைக்கு வெளியேயும் பேசுவான். எது பாட்டு, எது பேச்சு, எது அன்றைக்குத் தோன்றியது என்று பிரித்துக் காட்ட எவராலும் முடியாது. நாஞ்சில் நாட்டுக் கொடைப் பந்தலின் அந்தச் சுதந்திரத்தைக் கலைவாணர் நாடகக் கொட்டகைக்குக் கொண்டு சென்றார் என்பதே பொருத்தமான விளக்கம்.

திரைப்படத்துக்கு அவர் வந்தபோது நிலைமை மாறியது. தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துத் தம் குழுவினரோடு நடித்துப் படத்தினுள் சேர்ப்பது அவருடைய வழக்கம். மூலக்கதையின் பிரதியில் இல்லாத சொல் என்று அதனைக் கூறலாம். ஆனால் மேடையில் இரவுக்கிரவு மாறிய சொல் படச்சுருளில் உறைந்துவிடுகிறது. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920 முதல் சென்னையில் தணிக்கைக் குழு இயங்கியது. காவல் துறை ஆணையரே அதன் தலைவர். காவலருக்கு மேடையில் கிடைக்காத பிரதி திரையில் தானே வந்து மேசைமேல் அமர்ந்தது. தணிக்கை நாடகத்தைவிடத் திரைப்படத்தில் எளிதாக வேரூன்றியதற்குத் தொழில்நுட்பமே முதற்காரணம். சட்டத்தின் கடுமை அதற்கு அடுத்ததுதான். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபத்தை எண்ணிப் பார்க்கலாம். நந்தனார் கதையின் அமைப்பை எடுத்துக்கொண்டு, கல்வி கற்க நகரத்துக்குச் செல்லும் ஒடுக்கப்பட்ட சிறுவனின் கதையை அதனுள் வைத்தார்கள். சொல்லின் கூர்மையை வடிவத்தின் பழக்கத்தினுள் மறைக்கும் உத்தி அது. உறைந்துபோகும் ஊடகத்தில் மேடைக்காரன் கண்ட மாற்றுவழி.

கலைவாணரின் வாழ்வில் விரும்பிப் பேசப்படாத மற்றொரு பக்கமும் உண்டு. பொன்விழா, நூற்றாண்டு மலர்களில் அதனைச் சிறைவாசம் என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுவது வழக்கம். 1943இல் சி. என். இலட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்ற இதழைத் தொடங்கி நடிகர்களின் அந்தரங்கங்களை எழுதினார். அதனால் துன்புற்ற எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் விண்ணப்பம் அளித்து அவ்விதழின் உரிமத்தை நீக்கக் கோரினர். உரிமம் நீக்கப்பட்டது. எழுத்து நின்றதா என்றால், இல்லை. ‘இந்து நேசன்’ என்ற வேறு பெயரில் அதுவே தொடர்ந்தது. 1944 நவம்பரில் இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். பாகவதரும் கலைவாணரும் கைதாகி 1945இல் ஆயுள் தண்டனை பெற்று, மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பியபின் 1947 ஏப்ரலில் விடுதலையாயினர்.

அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஈண்டு எண்ணத்தக்கது கொலை வழக்கு அன்று, அதற்கு முந்தைய விண்ணப்பம். அவ்விதழ் செய்தது இதழியல் அன்று; மானத்தை விலைபேசும் தொழில். அதனால் காயப்பட்டவர்கள் அரசின் கதவைத் தட்டியதில் வியப்பில்லை. ஆயினும் காவலருக்குப் பிடிகொடுக்காத சொல்லைத் தம் கலையாகக் கொண்டிருந்த ஒருவர், மற்றொருவரின் சொல்லை நிறுத்த உரிமம் வழங்கும் கையை நாடினார் என்பது வரலாற்றில் பதிந்துவிட்டது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் மேலிருந்து மட்டும் வளர்வதில்லை. கீழிருந்து, காயம்பட்டவர்களின் நியாயமான கோபத்தாலும் வளர்கிறது. பெய்ஜிங் நிகழ்ச்சியிலும் முதற்குரல் அதிகாரியிடமிருந்து எழவில்லை, கேட்டுச் சினந்தவர்களிடமிருந்து எழுந்தது. கலைவாணர்பால் அன்புடையவர்கள் இப்பக்கத்தை மறைக்க வேண்டுவதில்லை. அது அவருடைய பெருமையைக் குறைக்காது. மற்றவர்க்கு எச்சரிக்கையாக உதவும்.

மீண்டும் மேடைக்கு வருவோம். எம். ஆர். இராதாவின் நாடகங்களைக் கண்ட தலைமுறையினர் சொல்லும் செய்தி ஒன்றே: அன்றைய நாளிதழில் வந்தது அன்றிரவு ‘இரத்தக் கண்ணீர்’ நாடகத்தில் வரும். ஒருமுறை கண்டவர் மீண்டும் காணச் சென்றதற்கு அதுவே காரணம். பிரதியை வாங்கிப் படித்து இசைவு தரும் முறை இவர் முன் பொருளற்றுப் போயிற்று. தடை வந்தால் நாடகத்தின் பெயர் மாறும். பெயர் மாறினால் தடை பொருந்தாது. 1954இல் அவர் நடத்திய இராமாயண நாடகம் பெரும் எதிர்ப்பைக் கிளப்ப, அவ்வாண்டிலேயே சென்னை நாடக நிகழ்த்துச் சட்டம் பிறந்தது. ஒரு நடிகரின் நாவை நோக்கி இயற்றப்பட்ட சட்டம் என்று அதனை வழங்குவதுண்டு; அதில் மிகை அதிகமில்லை. நாஞ்சில் நாடு அப்போது சென்னையோடு இல்லை. தாய்த்தமிழகத்தோடு இணைய வேண்டுமென்று போராடிய மக்கள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள். 1956 நவம்பர் முதல் நாள் இணைப்பு நிகழ்ந்தது. அதன்பின் தமிழகத்தின் சட்டங்களும் இங்கே வந்தன. விடுதலையோடு வந்த சீர்களில் நாடகச் சட்டமும் ஒன்று. திருவிதாங்கூர்-கொச்சி அரசும் இதில் பின்தங்கியிருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ 1952 டிசம்பரில் அரங்கேறி, மறு ஆண்டே தடைக்குள்ளாகி, நீதிமன்றத்தின் துணையால் மீண்டது.

1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் சென்னையில் நாடகம் போடுவோர் பிரதியைக் காவல் துறையிடம் கொடுத்து இசைவு பெறுவது அன்றாட நடைமுறையாயிற்று. அது தடையாக அரிதாகவே வெளிப்பட்டது என்பதுதான் அதன் வலிமை. காவல் நிலையத்தில் ஒருவர் படிக்கப்போகிறார் என்ற நினைவு எழுதுபவன் கையிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இதனை எதிர்த்து வழக்காடியவர் ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி. 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டுகள் நடப்பில் இருந்த நடைமுறை அது. ஞாநி 2018இல் மறைந்தார். அவர் பெற்றுத் தந்தது எத்தகைய உரிமை என்பதை இன்று நாடகம் போடும் இளைஞர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். இல்லாமற்போன தடையை யார் நினைவில் வைப்பார்?

திரைப்படத்தின் கதை வேறு. கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்றது. தமிழ்ப்படமான ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் 1989இல் அதே நீதிமன்றம், எதிர்ப்பவர் கூச்சலிடுவார் என்ற அச்சம் படத்தை நிறுத்தக் காரணமாகாது என்று கூறிச் சான்றிதழை மீட்டுத் தந்தது. 2021இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. 2023இல் சட்டம் திருத்தப்பட்டு வயதுக்கேற்ற பிரிவுகள் கூடின. இவற்றை விரிக்கின் பெருகும்.

சீனத்தில் வயதுப் பிரிவு என்பதே கிடையாது. ஒரு படம் எல்லோருக்கும் உரியது, அல்லது எவருக்கும் உரியதன்று. படப்பிடிப்புக்கு முன் கதைச்சுருக்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். முடிந்த படத்துக்கு உரிமம் கிடைத்தால் பறக்கும் நாகத்தின் உருவம் தொடக்கத்தில் தோன்றும். 2017இல் நடைமுறைக்கு வந்த திரைப்படச் சட்டமும், 2018இல் திரைப்படத் துறையைக் கட்சியின் பரப்புரைத் துறையின்கீழ் வைத்த மாற்றமும் இவற்றை இறுக்கின. 2024 நவம்பரில் விஜய் சேதுபதி நடித்த ‘மகாராஜா’ இந்த வாயிலைக் கடந்து சீனத் திரையரங்குகளில் வெளியாயிற்று. தமிழ்ப்படம் ஒன்று இரு நாட்டு உரிமங்களையும் சுமந்து சென்றதை இங்கே பெருமையோடு பேசினார்கள், பேசியதும் நியாயமே.

ஆனால் நாஞ்சில் நாட்டாருக்கு உறவான சீனக் கலை திரைப்படம் அன்று. ‘சியாங்ஷெங்’ என்னும் இருவர் உரையாடற்கலை. ஒருவர் கதையை நடத்திச் செல்வார், மற்றவர் இடையிடையே ஏற்றும் மறுத்தும் தூண்டியும் பேசுவார். புலவரும் ‘ஆமாம்’ போடுபவரும் என்று கொள்ளலாம். சந்தைத் தெருக்களில் வளர்ந்த கலை அது. கொச்சையும் வசையும் நிறைந்தது. 1950 தொடக்கத்தில், புதிய அரசு அமைந்த சில மாதங்களிலேயே, ஹோ பாவ்லின் முதலிய கலைஞர்கள் பெய்ஜிங்கில் ஒரு சீர்திருத்தக் குழுவை அமைத்தனர். நாவலாசிரியர் லாவ் ஷெ அவர்களுக்குத் துணை நின்றார். பழைய உரையாடல்களை எழுதி, களைந்து, திருத்தித் தந்தார். உடற்குறை உடையவரையும் சிற்றூராரையும் இகழும் பகுதிகள் நீங்கின. கலைஞர்களுக்குச் சமுதாயத்தில் மதிப்பு வந்தது.

இதனைத் தீமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாகாது. மேடையில் அந்தந்த நேரத்தில் பிறக்கும் சொல் எல்லாம் உயர்ந்தது என்று எண்ணுவோர், கொடைப் பந்தலில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்களிடம் கேட்டுப் பார்க்கலாம். மாமியாரையும் கைம்பெண்ணையும் கறுத்த மணப்பெண்ணையும் காட்டிச் சிரிக்க வைக்கும் வழக்கம் எந்த ஏட்டிலும் இல்லை. அதுவும் பிரதியில் இல்லாத சொல்தான். சாதிப் பெயரைச் சொல்லாமல் சாதியை இகழும் குறிப்பும் அவ்வாறே. அதைக் கேட்டு முகம் சுளித்தவர்களாலேயே பல ஊர்களில் அத்தகைய பேச்சு குறைந்திருக்கிறது. லாவ் ஷெ செய்ய விரும்பியதும் ஏறத்தாழ அதுதான். வேறுபாடு இது: இங்கே முகம் சுளித்தவர் எதிரில் இருந்தார், புலவர் மறுநாள் மாற்றிக்கொண்டார். அங்கே திருத்தம் எழுத்தாயிற்று. எழுத்தானது பின் ஒரு நாள் விதியாயிற்று.

லாவ் ஷெ தம் ‘தேநீர்க் கடை’ நாடகத்தை 1957இல் எழுதினார். மூன்று காட்சிகளில் அரை நூற்றாண்டைக் காட்டும் நாடகம். அக்கடைச் சுவரில் அரசு விவகாரங்களைப் பேசாதிருக்கும்படி வேண்டும் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். காட்சிக்குக் காட்சி ஆட்சி மாறும், நாற்காலிகள் மாறும், கடைக்காரர் முதுமையடைவார். அறிவிப்பின் எழுத்துமட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். ஒட்டியவர் அரசு அலுவலர் அல்லர், கடைக்காரர்தாம். தண்டனை வருமுன் தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவு அது. இன்று சீனத்தின் பெருநிறுவனங்கள் தத்தம் தளங்களில் வெளியாவதை முன்கூட்டிப் படித்துப் பார்க்கப் பெருந்தொகையான பணியாளரை வைத்திருக்கின்றன. அறிவிப்பை எழுதும் கடைக்காரரே பெருகித் துறையாகிவிட்டார். லாவ் ஷெயோ 1966 ஆகஸ்டில் செங்காவலரால் அடித்து இழிவுபடுத்தப்பட்டு, மறுநாள் பெய்ஜிங்கின் ஏரி ஒன்றில் மாண்டு கிடந்தார்.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் கவியரங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒலிபெருக்கியில் பாடும் கவிதைக்கு எந்தத் துறையும் பிரதி கேட்பதில்லை. ஆயினும் தலைமை தாங்க வருபவர் யார் என்பது தெரிந்தபின் எழுதும் கவிதைக்கும், தெரியுமுன் எழுதும் கவிதைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவிஞர்களே நன்கறிவார்கள். அடித்து மாற்றிய வரி எந்த நீதிமன்றத்துக்கும் செல்லாது. அதற்காக வழக்காட ஒரு ஞாநியும் வரமாட்டார்.

வில்லுப்பாட்டின் இன்றைய நிலைக்கு வந்தால், சொல்லைத் தொடாத சட்டங்களும் அதனைத் தொட்டிருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கியை விலக்குகின்றன; ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் இது நன்மையே. விடியும்வரை நீண்ட கதை நேரம் குறைந்து சுருங்கும்போது முதலில் உதிர்வது எது என்பதுதான் வினா. பாட்டு உதிராது, அது சாமிக்குரியது. இடையில் வரும் பேச்சே உதிரும். நாட்டார் கதைகளைத் தொகுத்து அச்சேற்றும் அறிஞர்களின் உழைப்பு போற்றுதற்குரியது, அ. கா. பெருமாள் போன்றோர் இல்லையெனில் பல கதைகள் மறைந்திருக்கும். ஆனால் அச்சில் ஏறுவதும் பெரும்பாலும் பாட்டுதான்.

எஞ்சிய பேச்சுக்கும் இப்போது ஒரு பிரதி உண்டாகிவிட்டது. கொடைப் பந்தலின் முன்வரிசையில் இருபது முப்பது கைப்பேசிகள் ஒளிர்கின்றன. புலவர் உடைந்த மடையைப் பற்றிச் சொல்வது அந்த ஊருக்காக, அந்த இரவுக்காகச் சொல்வது. அதைக் கேட்டுச் சிரிப்பவருக்கு முன்னும் பின்னும் தெரியும். யாரைச் சொல்கிறார், எவ்வளவு அன்போடு சொல்கிறார் என்பது தெரியும். மறுநாள் காலை அது துபாயிலும் சிங்கப்பூரிலும் கேட்கப்படும்போது மடை இல்லை, ஊர் இல்லை, சொல் மட்டும் இருக்கிறது. பெய்ஜிங் மேடையின் நாய்களும் அணிலும் அவ்வாறே அரங்கை விட்டு வெளியேறின. 1876இல் அரசு கேட்டுப் பெறவேண்டியிருந்த பிரதியை, 1954இல் காவல் துறை வாங்கி வைத்த பிரதியை, இன்று அவையினரே அன்போடு எழுதிக் கொடுக்கின்றனர்.

பதிவு செய்வோர் வில்லுப்பாட்டின்மேல் பற்றுடையவர்களே; வெளிநாட்டிலிருக்கும் மகன் கேட்கட்டும் என்று எடுப்பவர்களே. புலவருக்கும் அது புதிய ஊர்களிலிருந்து அழைப்பைக் கொண்டுவருகிறது. ஆகவே பதிவு வேண்டாமென்று சொல்ல அவர் விரும்பமாட்டார். கதையை வளர்த்துக்கொண்டு போவார். வீசுகோலை ஓங்கி, ஊர்ச்செய்திக்குள் திரும்பும் இடம் வரும். உடனிருப்பவர் ‘ஆமாம்’ சொல்ல வாயெடுத்திருப்பார். முன்வரிசையில் ஒளிரும் திரைகளைப் புலவர் ஒரு முறை பார்ப்பார். பின் நேரே அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்.